கேக் சொதப்பிவிட்டதா? எந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தீர்கள் என்று முதலில் பாருங்கள்

புதிதாகக் கேக் செய்பவர்களுக்குச் சர்க்கரை போட மறந்துபோகும். பேக்கிங் பவுடருக்குப் பதில் சமையல் சோடா டப்பா கைக்கு வரும். ஆசையாக ஓவன் கதவைத் திறந்து பார்த்த மறு நிமிடம் கேக்கின் நடுப்பகுதி அமுங்கும். இதற்காக மனம் உடைய வேண்டாம், பலவற்றைச் சரிசெய்துவிடலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு உண்டு. கலவை கிண்ணத்தில் இருக்கும்வரை ஏறக்குறைய எதையும் மீட்கலாம். டின்னில் ஊற்றியபிறகு சிலவற்றை மீட்கலாம். ஓவனுக்குள் போய் ஐந்து நிமிடம் தாண்டிவிட்டால் வேகும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அதன்பிறகு செய்வதெல்லாம் வெந்த கேக்குக்கான பழுதுபார்ப்பு. அதனால் இந்தக் கட்டுரையும் அந்த வரிசையிலேயே போகிறது.

எளிய வெண்ணெய் கேக் ஒன்றை அடிப்படையாக வைத்துக்கொள்வோம்: மைதா 200 கிராம், சர்க்கரை 200 கிராம், வெண்ணெய் 200 கிராம், முட்டை 4, பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், பால் 2 டேபிள்ஸ்பூன், வெனிலா 1 டீஸ்பூன். 20 செ.மீ. (8 அங்குல) வட்ட டின்கள் இரண்டு. 180 டிகிரி செல்சியஸில் 20 முதல் 25 நிமிடம். ஓடு நீக்கிய முட்டை ஒன்று ஏறக்குறைய 50 கிராம், ஆகவே நான்கு முக்கியப் பொருள்களும் இங்கே சம எடை. இந்தச் சமநிலையை மனதில் வைத்துக்கொண்டால், எது கூடிப்போனது, எது குறைந்துபோனது என்று கணக்குப் போடுவது சுலபம்.

கலக்கத் தொடங்கும் முன்

பெரும்பாலான கேக்குகள் அளக்கும்போதே தவறிவிடுகின்றன. மைதா பையில் கப்பை முக்கி அள்ளினால் மைதா அழுந்தி 140, 150 கிராம்கூட ஏறிவிடும். அதே மைதாவைக் கிளறிவிட்டு, கரண்டியால் மெல்ல கப்பில் போட்டு, கத்தியின் முதுகால் வழித்தால் 120 முதல் 125 கிராம்தான் வரும். இரண்டு கப் கேட்கும் செய்முறையில் இந்த ஒரு பழக்கத்தால் 50 கிராம் வரை கூடிப்போகும். கேக் வறண்டு, கனத்து, மேலே வெடித்து வருவதற்கு இதைவிடச் சாதாரணமான காரணம் கிடையாது. ஒரு சின்ன டிஜிட்டல் தராசு இருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் விதவிதமான டின்களை வாங்கும் முன் தராசைத்தான் வாங்க வேண்டும் என்று அழுத்திச் சொல்வோம்.

அளக்கும் கரண்டியிலும் கவனம் தேவை. டீஸ்பூன் 5 மி.லி., டேபிள்ஸ்பூன் 15 மி.லி. வீட்டில் தேநீர் கலக்கும் கரண்டி இந்த அளவுக்குச் சரியாக இருக்காது. பேக்கிங் பவுடரையும் சோடாவையும் எப்போதும் தலைதட்டி அளக்க வேண்டும், குவித்து அல்ல.

அடுத்து, பழைய பேக்கிங் பவுடர். திறந்து பல மாதங்களான டப்பாவை நம்பி 4 முட்டையைச் செலவழிக்க வேண்டாம். அரை டீஸ்பூன் பவுடரைக் கால் கப் வெந்நீரில் போடுங்கள். உடனே சரசரவென்று நுரைத்து எழும்பினால் நல்லது. சோம்பலாக நாலு குமிழி வந்தால் தூக்கிப் போடுங்கள். சோடாவுக்கு வெந்நீர் போதாது. சில துளி எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டுப் பார்க்க வேண்டும். சோடா பொங்குவதற்குப் புளிப்பு தேவை என்பதை இந்தச் சோதனையே காட்டிவிடும்.

வெண்ணெய், முட்டை, பால் மூன்றும் அறை வெப்பத்தில் இருக்க வேண்டும் என்று எல்லாச் செய்முறையும் சொல்லும். வெண்ணெய்க்கு அது 18 முதல் 21 டிகிரி. விரலால் அழுத்தினால் தடம் பதிய வேண்டும், ஆனால் விரல் வழுக்கிக்கொண்டு உள்ளே போகக் கூடாது, மேல்பரப்பு பளபளக்கவும் கூடாது. நேரம் இல்லையா? வெண்ணெயைச் சின்னச் சதுரங்களாக வெட்டித் தட்டில் பரப்பினால் சீக்கிரம் இளகும். முட்டையை ஓட்டோடு வெதுவெதுப்பான நீரில் 5 முதல் 10 நிமிடம் போட்டு வைக்கலாம். மைக்ரோவேவில் வெண்ணெயை வைத்தால் ஓரம் கெட்டியாகவும் நடு எண்ணெயாகவும் ஆகிவிடும். உருகிய வெண்ணெய் காற்றைப் பிடிக்காது, அதை ஃப்ரிட்ஜில் வைத்து மறுபடி இறுக்கினாலும் பழைய பதம் திரும்பாது. உருகிவிட்டதை வேறு சமையலுக்கு வைத்துக்கொண்டு புது வெண்ணெய் எடுப்பதே நல்லது.

ஒரு பொருள் கையில் இல்லை என்றால்

எல்லாவற்றுக்கும் மாற்று உண்டு என்று சொல்வார்கள். சில மாற்றுகள் நன்றாக வேலை செய்யும், சில கேக்கின் குணத்தையே மாற்றிவிடும்.

பேக்கிங் பவுடர் இல்லை, சோடாவும் க்ரீம் ஆஃப் டார்டாரும் (புளிப்புள்ள வெள்ளைப் பொடி) இருக்கின்றன என்றால் கவலை இல்லை. கால் டீஸ்பூன் சோடாவும் அரை டீஸ்பூன் க்ரீம் ஆஃப் டார்டாரும் சேர்ந்தால் 1 டீஸ்பூன் பேக்கிங் பவுடருக்குச் சமம். ஆனால் இந்தக் கலப்பு ஈரம் பட்டவுடன் மொத்தமாகப் பொங்கிவிடும். கடையில் விற்கும் பவுடர்களில் பலவும் ஈரத்தில் ஒரு முறை, சூட்டில் ஒரு முறை என இரண்டு தடவை வேலை செய்பவை. எனவே வீட்டுக் கலப்பைப் போட்டால் ஓவன் சூடேறித் தயாராக இருக்க வேண்டும், கலவையைக் காக்க வைக்கக் கூடாது.

வெறும் சோடா மட்டும் இருந்தால் அதற்கு ஏற்ற புளிப்பையும் சேர்க்க வேண்டும். கால் டீஸ்பூன் சோடாவுக்கு அரை கப் தயிர் அல்லது 1 டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர். தயிர் சேர்த்தால் அந்த அளவுக்குப் பாலைக் குறைத்துக்கொள்ளுங்கள். புளிப்பு போதாமல் சோடா மிஞ்சிவிட்டால் கேக் பழுப்பேறி, சோப்பு நாற்றமும் உலோகச் சுவையும் வந்துவிடும். அதை எந்த ஐசிங்கும் மறைக்காது.

செய்முறை மோர் கேட்கிறதென்றால் 1 கப் பாலில் 1 டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டுப் பத்து நிமிடம் வையுங்கள். லேசாகத் திரிந்து நிற்கும், அதுவே போதும். செல்ஃப் ரெய்சிங் மைதாவுக்கு 1 கப் மைதாவோடு ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடரும் கால் டீஸ்பூன் உப்பும் சேர்த்து மூன்று முறை சலியுங்கள். கேக் மாவுக்கு 1 கப் மைதாவிலிருந்து 2 டேபிள்ஸ்பூன் எடுத்துவிட்டு, அதே அளவு சோளமாவு (கார்ன்ஃப்ளோர்) சேர்த்துச் சலிக்கலாம். சோளமாவு புரதத்தைக் குறைத்துக் கேக்கை மிருதுவாக்கும்.

வெண்ணெய்க்கு எண்ணெய் போடலாமா? போடலாம், ஆனால் அதே அளவு அல்ல. வெண்ணெயில் கொழுப்பு ஏறக்குறைய 80 சதவீதம்தான், மீதியில் பெரும்பங்கு தண்ணீர். எண்ணெய் முழுக்கக் கொழுப்பு. 200 கிராம் வெண்ணெய்க்கு 160 கிராம் எண்ணெயும் 2 டேபிள்ஸ்பூன் கூடுதல் பாலும் என்று கணக்கு வையுங்கள். எண்ணெய் கேக் ஈரமாகவும் மறுநாளும் மிருதுவாகவும் இருக்கும். ஆனால் வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்து அடிப்பதில் கிடைக்கும் காற்று இதில் கிடையாது. அதனால் முட்டையையும் சர்க்கரையையும் நன்றாக நுரைக்க அடித்து, அதன்பிறகு எண்ணெயைச் சேர்க்க வேண்டும். உப்பு போட்ட வெண்ணெய் மட்டும் இருந்தால் செய்முறையில் உள்ள உப்பை விட்டுவிடுங்கள், அவ்வளவுதான்.

முட்டைக்கு மாற்றுத் தேடுபவர்கள் ஒரு முட்டைக்குக் கால் கப் தயிரோ, 1 டேபிள்ஸ்பூன் ஆளிவிதைப் பொடியை 3 டேபிள்ஸ்பூன் நீரில் பத்து நிமிடம் ஊறவைத்ததோ பயன்படுத்துகிறார்கள். ஒன்றிரண்டு முட்டை உள்ள கேக்குக்கு இது சரிவரும். நான்கு முட்டை உள்ள கேக்கில் நான்கையும் இப்படி மாற்றினால் அது எழும்பாது, ஏனென்றால் அங்கே கேக்கைத் தாங்கி நிற்பதே முட்டைதான். முட்டையில்லாத கேக் வேண்டுமென்றால் அதற்கென்றே எழுதப்பட்ட செய்முறையை எடுப்பது நல்லது.

படிகச் சர்க்கரை பெரிதாக இருந்தால் மிக்ஸியில் இரண்டு மூன்று சுற்று விட்டு நுணுக்குங்கள், மாவாக்கிவிட வேண்டாம். கரகரப்பு கொஞ்சம் இருந்தால்தான் வெண்ணெயில் உரசிக் காற்றறைகளை உண்டாக்கும். கரையாத பெரிய சர்க்கரை, வெந்த கேக்கின் மேல்தோலில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும்.

கிண்ணத்தில் இருக்கும்போது

வெண்ணெயையும் சர்க்கரையையும் மின் பீட்டரில் நடுத்தர வேகத்தில் 3 முதல் 5 நிமிடம் அடிக்க வேண்டும். கடிகாரத்தைவிடக் கண்ணை நம்புங்கள். முதல் நிமிடத்தில் ஈர மணல்போல உதிரியாக இருக்கும், நிறம் வெண்ணெயின் மஞ்சளாகவே இருக்கும். இரண்டாவது, மூன்றாவது நிமிடத்தில் நிறம் வெளுக்கத் தொடங்கி, கிண்ணத்தின் பக்கங்களில் பூசினாற்போல ஒட்டும். அங்கே நிறுத்தி, ஸ்பேட்டுலாவால் பக்கங்களையும் அடியையும் வழித்துவிட்டு மறுபடி அடியுங்கள். கடைசியில் தந்தநிறத்தில், பீட்டரைத் தூக்கினால் மெத்தென்று நிற்கும் பதம் வரும். விரலிடையில் தேய்த்தால் சர்க்கரை இன்னும் நெருடும், ஆனால் முதலில் இருந்ததைவிடக் குறைவாக. இதுதான் நிறுத்த வேண்டிய இடம். அதற்குமேல் அடித்தால் வெண்ணெய் சூடேறிப் பளபளத்து, பிடித்த காற்றையெல்லாம் விட்டுவிடும்.

முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்க்கும்போது கலவை திரிந்துபோனால் பயப்பட வேண்டாம். குளிர்ந்த முட்டை பட்டு வெண்ணெய் இறுகி, தண்ணீர் தனியாகப் பிரிந்திருக்கிறது. கிண்ணத்தை வெதுவெதுப்பான நீர் உள்ள அகலப் பாத்திரத்தில் ஒரு நிமிடம் வைத்து அடியுங்கள், கலவை சேர்ந்துகொள்ளும். அப்படியும் சேராவிட்டால் அளந்து வைத்த மைதாவிலிருந்து 1 டேபிள்ஸ்பூன் தூவி அடியுங்கள். திரிந்த நிலையிலேயே மேலே போனாலும் கேக் கேக்காகத்தான் வரும், சற்று அடர்த்தியாக இருக்கும். அடுத்த முட்டைக்கு முன் முந்தைய முட்டை முழுதாகக் கலந்துவிட்டதா என்று பார்த்தால் இந்தத் தொல்லையே வராது.

மைதா சேர்ந்தபிறகு மட்டும் கையை அடக்க வேண்டும். மைதாவில் ஈரம் பட்டதும் அதன் புரதம் பின்னிக்கொள்ளத் தொடங்கும். கலக்கக் கலக்கப் பின்னல் இறுகும். வெந்த கேக்கை வெட்டினால் கீழிருந்து மேலாக நீளமான துளைகள், சுரங்கம்போல. அதிகம் கலந்ததன் அடையாளம் அதுதான். மைதாவை மூன்று பங்காகப் போட்டு, ஸ்பேட்டுலாவால் அடியிலிருந்து மேலே மடித்துக் கலந்து, வெள்ளைக் கோடுகள் மறைந்த கணமே நிறுத்துங்கள். சின்னச் சின்னக் கட்டி ஒன்றிரண்டு இருந்தால் வேகும்போது சரியாகிவிடும். அதிகம் கலந்துவிட்டதைத் திருப்ப வழியில்லை.

பதம் சரியா என்று பார்க்க ஒரு கரண்டி கலவையை எடுத்துச் சாயுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதற்குள் தானாக வழிந்து விழ வேண்டும். விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் பால் 1 டேபிள்ஸ்பூன் வீதம் சேர்த்துப் பாருங்கள்.

இனி மறந்துபோன பொருள்கள்.

பேக்கிங் பவுடரை மறந்துவிட்டு, கலவை தயாரான பிறகு நினைவு வந்தால் அதை நேராக மேலே தூவாதீர்கள். ஓரிடத்தில் கட்டி நின்று கசக்கும். சின்னக் கிண்ணத்தில் 2 டேபிள்ஸ்பூன் கலவையை எடுத்து, பேக்கிங் பவுடரை அதில் குழைத்து, அதைப் பெரிய கிண்ணத்தில் ஊற்றி எட்டு, பத்து மடிப்பில் கலந்துவிடுங்கள். டின்னில் ஊற்றிவிட்டிருந்தாலும் திரும்பக் கிண்ணத்தில் கவிழ்த்து இதையே செய்யலாம். ஓவனில் வைத்து மூன்று, நான்கு நிமிடம்தான் ஆகியிருந்தால்கூட வெளியே எடுத்துச் செய்யலாம், கலவை இன்னும் இறுகத் தொடங்கியிருக்காது. ஓரத்தில் தோல் கட்டத் தொடங்கிவிட்டால் விட்டுவிடுங்கள்.

முட்டையை மறந்திருந்தால் ஒரு கப்பில் தனியாக நன்றாக அடித்து, இரண்டு தடவையாகச் சேர்த்து மடித்துக் கலக்கவும். சர்க்கரை மறந்திருந்தால் பொடித்த சர்க்கரையைச் சலித்து மடித்துச் சேர்க்கவும். எடை அதே 200 கிராம்தான். கப்பால் அளந்தால் ஏமாந்துபோவீர்கள், ஏனென்றால் 1 கப் சாதாரணச் சர்க்கரை 200 கிராம், அதே கப்பில் பொடித்தது ஏறக்குறைய 120 கிராம்தான் பிடிக்கும். எண்ணெயோ வெண்ணெயோ மறந்திருந்தால் உருக்கி, ஆறவைத்து, ஓரமாக ஊற்றி மடிக்கவும். கேக் சற்றுக் கனமாக வரும், ஆனால் சாப்பிட நன்றாகவே இருக்கும். உப்பையும் வெனிலாவையும் மறந்ததற்காகக் கலவையை மறுபடி கிளற வேண்டாம். ஐசிங்கிலோ பாகிலோ சேர்த்துக்கொள்ளலாம்.

அளவு கூடிப்போனால்? பால் ஒன்றிரண்டு டேபிள்ஸ்பூன் கூடினால் ஐந்து நிமிடம் கூடுதலாக வேகவிட்டால் போதும். அரை கப் கூடிவிட்டால் மைதாவை மட்டும் கொட்டிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், இனிப்பும் கொழுப்பும் குறைந்த ரொட்டிபோல ஆகிவிடும். பால் தவிர மற்றவற்றை இன்னொரு பாதி அளவு தயாரித்துச் சேர்த்து, மூன்று டின்னில் ஊற்றுங்கள். பேக்கிங் பவுடர் இரட்டிப்பாகிவிட்டால் மீதி எல்லாவற்றையும் இரட்டிப்பாக்குங்கள். உலர்ந்த மைதாவின் மேல் ஒரு குவியலாக விழுந்திருந்தால் சுற்றியுள்ள மைதாவோடு அள்ளி எறிந்துவிட்டு, எடை பார்த்து மைதாவைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம்.

பவுடருக்குப் பதில் அதே அளவு சோடா போட்டுக் கலந்துவிட்டீர்கள் என்றால் கெடுதல் பெரிது. சோடா மூன்று, நான்கு மடங்கு வீரியம் கொண்டது. 2 டீஸ்பூனைச் சமன்செய்ய அரை கப் எலுமிச்சைச் சாறு வேண்டும், அது கேக்கே இல்லை. சர்க்கரைக்குப் பதில் உப்பு விழுந்ததும் அப்படித்தான். இந்த இரண்டையும் மட்டும் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு கொட்டிவிடுங்கள்.

டின்

அடியில் பட்டர் பேப்பர், பக்கங்களில் மெல்லிய வெண்ணெய்ப் பூச்சு, அதன்மேல் மைதா தூவித் தட்டிக் கொட்டுதல். முட்டை வெள்ளையின் நுரையால் எழும்பும் ஷிஃபான், ஏஞ்சல் கேக் போன்றவற்றுக்கு மட்டும் பக்கங்களில் எதுவும் தடவக் கூடாது. அவை டின்னின் சுவரைப் பற்றிக்கொண்டுதான் ஏறும், ஆறும்போதும் டின்னைத் தலைகீழாக நிறுத்த வேண்டும்.

டின்னைப் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்குவரை நிரப்புங்கள். செய்முறை சொன்ன டின் இல்லையென்றால் பரப்பளவைப் பாருங்கள்: 8 அங்குல வட்டம் ஏறக்குறைய 50 சதுர அங்குலம், 9 அங்குல வட்டம் 64, 8 அங்குலச் சதுரமும் 64, 6 அங்குல வட்டம் 28. ஆக 9 அங்குல வட்டத்துக்குப் பதில் 8 அங்குலச் சதுரத்தை அப்படியே எடுக்கலாம். 8 அங்குல வட்டத்துக்கான கலவையை 6 அங்குலத்தில் செய்யப் பாதிக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தால் போதும். கறுத்த டின் சூட்டை வேகமாக இழுக்கும், கண்ணாடிப் பாத்திரம் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் 10 முதல் 15 டிகிரி குறையுங்கள்.

ஓவனுக்குள்

ஓவன் திருகில் காட்டும் 180 உள்ளே 180ஆக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 20 டிகிரி கூடவோ குறையவோ இருக்கும் வீட்டு ஓவன்கள் ஏராளம். உள்ளே வைக்கும் சின்ன ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று இந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவிடும். எந்த மூலை அதிகம் சூடாகிறது என்று தெரிந்துகொள்ள, தட்டு நிறைய ரொட்டித் துண்டுகளைப் பரப்பி 180 டிகிரியில் வைத்துப் பாருங்கள். முதலில் எவை சிவக்கின்றனவோ அங்கேதான் உங்கள் கேக் கருகும். விசிறி ஓடும் ஓவனாக இருந்தால் செய்முறை சொல்வதைவிட 15 முதல் 20 டிகிரி குறைக்க வேண்டும். கலவை கலக்கும் முன்பே ஓவனைப் போட்டுவிடுங்கள், 15 முதல் 20 நிமிடம் முன்சூடு வேண்டும்.

மொத்த நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆகும்வரை கதவைத் திறக்காதீர்கள். அந்த நேரத்தில் கேக்கைத் தூக்கி நிறுத்தியிருப்பது சூடான வாயுவும் நீராவியும்தான், முட்டையும் மாவுச்சத்தும் இன்னும் இறுகவில்லை. குளிர்காற்று பட்டால் வாயு சுருங்கும், கேக் உட்காரும்.

மேலே சீக்கிரம் சிவந்துவிட்டால், நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு தாண்டியபின் அலுமினியம் ஃபாயிலைக் கூடாரம்போல மடித்து மேலே வையுங்கள், கேக்கைத் தொடாமல். நடு குவிந்து வெடிக்கிறதென்றால் ஓவன் சூடு அதிகம். ஓரமும் மேல்தோலும் முதலில் இறுகிவிட, உள்ளே இருக்கும் கலவை வழி தேடி நடுவில் பீறிடுகிறது. அடுத்த முறை 10 முதல் 15 டிகிரி குறையுங்கள், அல்லது ஈரத்துணிப் பட்டையை டின்னைச் சுற்றிக் கட்டுங்கள். ஓரம் மெதுவாக வெந்து கேக் சமமாக எழும்பும்.

வெந்ததா என்று பார்க்க மூன்று அடையாளம்: ஓரம் டின்னிலிருந்து மெல்ல விலகியிருக்கும், நடுவை விரலால் லேசாக அழுத்தினால் திரும்ப எழும்பும், பல்குச்சி ஈரக் கலவை இல்லாமல் வரும், ஒன்றிரண்டு துகள் ஒட்டலாம். உணவு தெர்மாமீட்டர் இருந்தால் வெண்ணெய் கேக்கின் நடு 93 முதல் 99 டிகிரிக்குள் இருக்க வேண்டும்.

வெளியே எடுத்த பிறகு

நடு அமுங்கிய கேக்கை முதலில் வெட்டிப் பாருங்கள். காரணம் வெட்டு முகத்திலேயே எழுதியிருக்கும். பள்ளத்துக்குக் கீழே கரும் மஞ்சளில், ஈரமாக, அழுத்தினால் பிசின்போல ஒட்டும் பட்டை தெரிந்தால் கேக் வேகவில்லை. பட்டை ஏதும் இல்லாமல், பள்ளத்தைச் சுற்றிப் பெரிய பெரிய ஓட்டைகளாக, தொட்டால் உதிர்ந்தால் பேக்கிங் பவுடர் அதிகம். வாயு வேகமாகப் பெருகி, குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து வெடித்து, கேக் இறுகும் முன்பே சரிந்திருக்கிறது. அடியில் மட்டும் மெழுகுபோல மெல்லிய அடர்ந்த கோடு ஓடினால் வெண்ணெய் சரியாக அடிபடவில்லை, அல்லது உருகிப்போனதைப் போட்டிருக்கிறீர்கள், அல்லது ஈரம் கூடிவிட்டது. ஆங்காங்கே பழுப்புப் புள்ளிகளும் கசப்பும் இருந்தால் சோடாவைச் சலிக்காமல் போட்டதுதான். மறுமுறை செய்யும்போது ஒரு விஷயத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். மூன்றை ஒரேயடியாக மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாமலே போய்விடும்.

வேகாதது தெரிந்த நேரத்தில் கேக் இன்னும் சூடாக டின்னிலேயே இருந்தால் ஃபாயில் மூடி 160 டிகிரியில் 10 முதல் 15 நிமிடம் திரும்ப வையுங்கள். அமுங்கியது எழும்பாது, ஆனால் வெந்துவிடும். முழுதாக ஆறியபின் தெரிந்தால் வேகாத நடுவை வட்டமாக வெட்டி எடுத்துவிட்டு, வளையமாக நின்ற கேக்கின் குழியில் க்ரீமும் பழமும் நிரப்பலாம். வெட்டி எடுத்ததைச் சாப்பிட வேண்டாம், பச்சை முட்டையும் பச்சை மைதாவும் வயிற்றுக்கு ஆகாதவை.

வெளியே எடுத்ததும் டின்னில் 10 முதல் 15 நிமிடம் விட்டு, பிறகு கம்பித்தட்டில் கவிழ்க்க வேண்டும். உடனே கவிழ்த்தால் உடையும். ஒரு மணி நேரம் டின்னிலேயே விட்டால் அடியில் நீராவி சேர்ந்து நசநசக்கும், வெண்ணெய் இறுகிப் பிடித்துக்கொள்ளும். அப்படி ஒட்டிக்கொண்டால் கத்தியால் குத்தி எடுக்காதீர்கள். டின்னின் அடியை வெந்நீரில் அரை நிமிடம் நிறுத்துங்கள், அல்லது 150 டிகிரி ஓவனில் இரண்டு, மூன்று நிமிடம் வையுங்கள். ஓரத்தில் மெல்லிய கத்தியை ஒரே சுற்றாகச் செலுத்தி, தட்டோடு கவிழ்த்து லேசாகத் தட்டினால் விழும். உடைந்துபோனால் ஜாமோ பட்டர்க்ரீமோ தடவி ஒட்டி, அரை மணி நேரம் குளிரவைத்து ஐசிங் பூசினால் தெரியவே தெரியாது.

கருகிய தோலைச் சூட்டில் சீவ வேண்டாம். நன்றாக ஆறியபின் ரம்பக் கத்தியால் படலமாகச் சீவுங்கள். அடி மட்டும் கருகியிருந்தால் துருவியால் மெல்லத் தேய்த்தே எடுத்துவிடலாம்.

வறண்ட கேக்குக்குப் பாகுதான் மருந்து. 100 கிராம் சர்க்கரை, 100 மி.லி. தண்ணீர், கரைந்து ஒரு கொதி வந்ததும் இறக்கி வெனிலாவோ எலுமிச்சைச் சாறோ சேருங்கள். கேக்கின் மேல்தோலை மெல்லச் சீவி, பல்குச்சியால் குத்தி, ஓர் அடுக்குக்கு 3 முதல் 4 டேபிள்ஸ்பூன் பாகைத் தூரிகையால் பூசுங்கள். ஓரத்தில் அதிகமாக, நடுவில் குறைவாக, ஏனென்றால் வறட்சி ஓரத்தில்தான் அதிகம். சர்க்கரை மறந்து வெந்துவிட்ட கேக்குக்கும் இதே வழிதான். பாகை இருமடங்கு சர்க்கரையில் கெட்டியாக வைத்து, இனிப்பான ஐசிங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மிருது முழுதாக வராது, சர்க்கரைதான் மிருதுவையும் கொடுக்கிறது என்பதால்.

ஐசிங்கில் வரும் விபத்துகள்

கேக் முழுதாக ஆறாமல் ஐசிங் பூசினால் வழிந்துவிடும். டின்னிலிருந்து எடுத்தபின் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரமாவது பொறுங்கள்.

பட்டர்க்ரீம் தண்ணீராக நின்றால் கிண்ணத்தோடு ஃப்ரிட்ஜில் 15 முதல் 20 நிமிடம் வைத்து மறுபடி அடியுங்கள். திரிந்து துகள் துகளாக இருந்தால் அது குளிர்ச்சியால் வந்தது. 2 டேபிள்ஸ்பூன் எடுத்து லேசாக உருக்கி, ஊற்றிக்கொண்டே அடித்தால் சேர்ந்துவிடும். விப்பிங் க்ரீமை அதிகம் அடித்து மணல்மணலாக ஆகிவிட்டால் அடிக்காத குளிர்ந்த க்ரீம் இரண்டு, மூன்று டேபிள்ஸ்பூன் விட்டுக் கையால் மெல்ல மடித்துப் பாருங்கள். தண்ணீர் பிரிந்து மஞ்சள் கட்டி தனியாக நின்றுவிட்டால் அது வெண்ணெயாகிவிட்டது, திரும்பாது.

உருக்கும் சாக்லேட்டில் ஒரு துளி நீர் விழுந்து சட்டென்று கட்டியாகிப் போனால் இன்னும் நீர்தான் காப்பாற்றும் என்பது பலருக்கு ஆச்சரியம். கொதிநீரை 1 டீஸ்பூன் வீதம் விட்டுக் கலக்குங்கள், ஒரு கட்டத்தில் பளபளவென்று இளகிவிடும். இனி அது மேலே ஊற்றும் சாஸுக்கோ கலவைக்கோ ஆகும், முறுகலான சாக்லேட் தகடாக இறுகாது.

கடைசியாக, நிறையப் பேர் நல்ல கேக்கையே கெட்டது என்று நினைத்துவிடுவது ஃப்ரிட்ஜால். குளிரில் வெண்ணெய் இறுகிவிடும், மாவுச்சத்தும் வேகமாகக் கெட்டிப்படும். வெண்ணெய் கேக்கை க்ரீம் பூசாமல் காற்றுப்புகாத டப்பாவில் வெளியிலேயே இரண்டு நாள் வைக்கலாம். க்ரீம் பூசியதை ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும். ஆனால் பரிமாறும் முன் அரை மணி நேரம் வெளியே எடுத்து வையுங்கள். தடிமனான அடுக்குக் கேக் என்றால் முக்கால் மணி நேரம்.